எட்டு மணிக்கு முந்தைய வெயில்

காலை எட்டு மணிக்கு முந்தைய வெயிலின் விலை இருபத்திரண்டு லட்சம் ரூபாய். எட்டுக்குப் பிந்தையது சும்மா. யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். அதை விற்க ஊரில் ஏற்கெனவே ஆயிரம் பேர் கடை விரித்திருக்கிறார்கள்.

இந்த விலையைப் போட்டவர் அப்துல் முத்தலிப். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் இரும்புச் சாமான் கடைக்காரர். தோசைக்கல், பணியாரக்கல், வடச்சட்டி, கரண்டி என்று எடையும் இரைச்சலும் உள்ள சரக்கோடு வளர்ந்த மனிதர். கையில் பிடிக்க முடியாத எதற்கும் அதுவரை அவர் விலை சொன்னதில்லை. மகள் ஜன்னத்தால்தான் அந்த நிலை வந்தது. கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில் பாதியை விற்ற பணம் இருபத்திரண்டு லட்சம். அதைக் கொண்டு அவள் குறிச்சியில் ஒரு ஷெட் பிடித்து, இரண்டு மெஷின் வாங்கிப் போட்டு, மூன்று வருடமாகச் சோலார் ஷீட் செய்துகொண்டிருந்தாள்.

கண்ணாடித் தகடு இல்லை, ஷீட். ரெக்சின் துணி மாதிரி சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். அதில் வெயிலைத் தின்கிற படலம், தலைமயிரின் கனத்தை இருநூறாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் வரும். அவ்வளவு மெல்லிசான வாயால் எவ்வளவு தின்ன முடியும் என்பதுதான் ஜன்னத்தின் மூன்று வருடத்துக் கவலை. சூலூர்ப் பக்கத்துப் பம்ப் கம்பெனி ஒன்று கடைசியில் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. அங்கே அவளுடைய ஆறு ஷீட்டும் சேர்ந்து எட்டு மணிக்குள் பம்ப்பை ஓட்டித் தண்ணீர் எடுக்க வேண்டும். எடுத்தால் ஆர்டர். எடுக்காவிட்டால் வெளிநாட்டுச் சரக்கு. ஷெட்டின் வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. மெஷின் இரண்டையும் எடைக்குக் கேட்டு உக்கடத்திலிருந்து பழைய இரும்பு வியாபாரி ஒருவன் வந்து பார்த்துவிட்டும் போய்விட்டான்.

எடைக்கு! முத்தலிபுக்கு அந்த வார்த்தைதான் தூக்கத்தில் இடித்தது. தாமே எடைக்கு வாங்கி எடைக்கு விற்றவர். அந்த வார்த்தை எவ்வளவு இளக்காரமானது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அதனால்தான் முந்தின நாள் சாயங்காலம், ஷீட்டுகளை வேனில் ஏற்றக் கடைக்குக் கொண்டு வந்து வைத்துவிட்டு ஜன்னத் ஒயர் வாங்கப் போன நேரத்தில், தம்மால் ஆன ஒரு உதவியை அவர் செய்தார்.

ஷீட்டுகளை விரித்துப் பார்த்தார். கருப்புதான், ஆனால் என்ன கருப்பு! அடுப்புக் கரி மாதிரி, இழவு வீட்டு முகம் மாதிரி, வெளிச்சமே ஒட்டாத கருப்பு. இதைக் கொண்டுபோய் வாங்க வந்தவர் முன்னால் எப்படி விரிப்பது? அவருடைய அத்தா காலத்திலிருந்தே கடையில் ஒரு வழக்கம் உண்டு. இரும்புக் கல் எதுவானாலும் நல்லெண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுக்காமல் படி இறங்காது. எண்ணெய் பட்டதும் கல்லுக்கு ஒரு ஆழம் வரும், ஒரு களை வரும், நூறு ரூபாய் கூடுதலாக வரும். "இதுல கை வெக்காதீங்கத்தா" என்று ஜன்னத் சொல்லியிருந்தது உண்மைதான். அவர் கை வைக்கவில்லை. துணியைத்தான் வைத்தார். ஆறு ஷீட்டுக்கும் பூப்போல ஒரு தடவல். ஆறாவது ஷீட்டின் ஓரத்தில் மட்டும் ஏதோ கறை மாதிரித் தெரிந்தது. அங்கே கொஞ்சம் அழுத்தி. பிறகு பழையபடி சுருட்டி, பருத்தித் துணி சுற்றி வைத்துவிட்டார். மகளிடம் சொல்லவில்லை. களத்தில் விரிக்கும்போது அவளே பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டார்.

காலைத் தொழுகை முடிந்ததும் வேன் கிளம்பியது. ஏழு மணிக்குத் தோப்பில் இருந்தார்கள். தோப்புக்காரி மயிலாத்தாள் வாசலிலேயே நின்றிருந்தார். புல்லட் ஓட்டுகிற பெண்பிள்ளை என்று அந்த வட்டாரத்தில் பெயர்.

"வாங்க அம்மணி, வாங்க பாய். காப்பித் தண்ணி குடிச்சுப்போட்டு ஆரம்பிங்க. கம்பெனிக்கார அம்மா அப்பவே வந்து கெணத்தையே அளந்துட்டு நிக்கறாங்க."

கம்பெனிக்கார அம்மா என்பது விமலாராணி. பம்ப் கம்பெனியின் சோதனை இன்ஜினியர். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் மீட்டர், முகத்தில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத முகத்தோடு பேரம் பேசுவதுதான் உலகத்திலேயே கஷ்டம் என்பது முத்தலிபின் அனுபவம்.

"எட்டு மணி. அதுக்கு அப்புறம் ஒரு நிமிஷம்னாலும் கணக்குல வராதுங்க சார்" என்றார் விமலாராணி, வணக்கத்துக்குப் பதிலாக.

"நீ ஒயரைப் பாரு கண்ணு, மேல நான் விரிச்சுப்போடறேன்" என்று முத்தலிப் மோட்டார் ரூமின் மேல் ஏறினார். அறுபத்திரண்டு வயது. ஆனால் பரண் ஏறியே பிழைத்த கால்கள். முந்தின நாளே சட்டம் அடித்து வைத்திருந்தார்கள். ஆறு ஷீட்டையும் விரித்துக் கிளிப் மாட்டினார். வெயில் இன்னும் தென்னை மட்டைகளுக்குப் பின்னால்தான் இருந்தது. அந்த மங்கலிலும் அவருடைய எண்ணெய் தன் வேலையைக் காட்டியது. கீழே இறங்கும்போது மனசுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டார்.

கீழே மயிலாத்தாள் ஜன்னத்திடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஏனுங் அம்மணி, காயிதமாட்ட இருக்குது. இதுல மோட்டாரு ஓடும்னு சொன்னா எங்கூட்டு மாடுகூட நம்பாதே."

ஜன்னத் ஒயரை முறுக்கிக்கொண்டே சொன்னாள்: "இந்த ஷீட்டுதான் எங்க கடை, ரொம்பச் சின்ன கடைங்க. வெயிலுதான் வர்ற ஆளு. முன்வாசல்ல நுழைஞ்ச ஆளு ஒரு எட்டு வெச்சா பின்வாசல். ஒண்ணும் வாங்காமப் போயிருவாரு. அதனால உள்ளார நேர் வழியே வெக்கலீங்க. சுத்திச் சுத்தி வர்ற மாதிரிப் பண்ணியிருக்கறோம். இருவது தடவை சுத்தினா எதையாச்சும் வாங்கித்தானே ஆகோணும்?"

"அது சரி. ஜவுளிக்கடைக்காரன் அப்படித்தானே பண்றான். மேல ஏறிட்டா எறங்கற வழியே தெரியாது."

முத்தலிப் சிரித்தார். இந்தக் கதையைச் சொல்லித்தான் அவள் கிடங்கின் பின்பாதியை விற்க வைத்தாள். அதுவரை கேட்டதும் அவர் எழுந்து போய்ப் புரோக்கருக்குப் போன் போட்டிருந்தார். மீதிக் கதையை அன்று அவர் கேட்கவில்லை.

மீதிக் கதை இப்போது வந்தது.

"ஆனா அதுக்கு முன்னாடி ஆளு வாசப்படி ஏறோணுமல்லங்க? காலை வெயிலு சாஞ்சு வருது. மேல வழவழன்னு இருந்தா தண்ணியில ஓட்டாஞ்சில்லு எறிஞ்சாப்பல வழுக்கிட்டுப் போயிரும். அதுக்குத்தான் மேல நானோ முள்ளு. பலாப்பழத் தோலை இருவதாயிரம் மடங்கு சின்னதாக்குனாப்பல. அந்துப்பூச்சி கண்ணு அப்படித்தானுங்க இருக்கும். எந்தச் சாய்வுல வந்தாலும் வெயிலு முள்ளுக்குள்ள எறங்கிரும், வெளிய வராது. முள்ளுக்கு நடுவால இருக்கற சந்துலதான் எங்க பொழப்பே இருக்குது."

"அதான் கருகருன்னு இருக்குதாக்கும்?"

"ஆமாங்க. பளபளப்புன்னா வேற என்ன? கடைக்குள்ள வராம வாசல்லயே திரும்பிப் போன வெயிலு. எங்க ஷீட்டு பளபளன்னு மின்னுச்சுன்னா கடையைச் சாத்திட்டோம்னு அர்த்தம்."



முத்தலிப் தம் வலக்கையைப் பார்த்தார். கட்டைவிரலை ஆட்காட்டி விரலில் உரசினார். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் நல்லெண்ணெய் வாசம் போயிருக்கவில்லை. முள்ளுக்கு நடுவில் சந்து. சந்துக்குள் எண்ணெய். கையைச் சட்டைப் பைக்குள் விட்டு ஒளித்தார், ஏதோ கைதான் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறது என்பது போல.

ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டார். கொஞ்சம் எண்ணெய்தானே. வெயில் ஏறினால் காய்ந்துவிடும். தோசைக்கல்லில் காயாத எண்ணெயா? ஆனால் தோசைக்கல்லில் எண்ணெய் காய்வதில்லை, இறங்கிப் பிடித்துக்கொள்ளும் என்பதும், அதற்குத்தான் பழக்கிய கல்லுக்குக் கூடுதல் விலை வைக்கிறோம் என்பதும் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வெயில் மட்டையைத் தாண்டியது.

தாண்டின உடனே மேற்குப் பக்கத் தென்னை மரங்களின் அடியில் ஆறு வெளிச்சத் துண்டுகள் வந்து விழுந்தன. வாழைத்தண்டு மாதிரி நீண்டு, மஞ்சளாக, தளும்பித் தளும்பி. ஒரு துண்டு மயிலாத்தாளின் முகத்தில் பட்டது. அவர் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"அட, என்னமா மின்னுது! பாய், சரக்கைப் பளபளன்னு வெச்சிருக்கீங்க போங்க."

நாற்பது வருடமாக எந்த வார்த்தைக்காக அவர் எண்ணெய்த் துணியைத் தூக்கினாரோ அதே வார்த்தை. கேட்டதும் உட்கார இடம் தேடினார்.

ஜன்னத் காதில் அது விழவில்லை. அவள் விமலாராணியின் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பம்ப் கிளம்ப ஐந்து ஆம்பியர் வேண்டும். மீட்டர் மூன்றில் நின்றது. ஒயரை அவிழ்த்து மறுபடி மாட்டினாள். மூன்று. கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூடினாள். மூன்றும் சில்லறையும்.

"மணி ஏழு நாப்பதுங்க" என்றார் விமலாராணி.

"மேடம், கொஞ்சம் மூட்டமா இருக்குதுங்களே" என்று முத்தலிப் எழுந்து வந்தார். "இன்னொரு நாள் வெச்சுக்கலாமுங்களா? நாள் கூட இன்னிக்கு அவ்வளவு சரியில்ல."

விமலாராணி வானத்தைப் பார்த்தார். கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது வானம்.

"மூட்டமெல்லாம் ஒண்ணும் இல்லைங்கத்தா" என்றாள் ஜன்னத் திரும்பாமலே. பிறகு விமலாராணியிடம் மெதுவாகச் சொன்னாள்: "மேடம், முள்ளு பதிக்கற அச்சு தேஞ்சு போயிருக்கும்னு நெனைக்கறேன். போன மாசமே எனக்குச் சந்தேகம். அப்படீன்னா இந்த ஆறு மட்டும் இல்லீங்க, மூணு மாசமா செஞ்சது எல்லாமே கெட்ட சரக்குத்தான். நீங்க வேற ஆளைப் பாக்கறதுன்னா..."



முத்தலிப் வாழ்க்கையில் ஒரு சட்டம் வைத்திருந்தார். சரக்கில் குறை இருந்தால் வாங்க வந்தவர் போன பிறகு பேசு. அவர் நிற்கும்போது கல் இரண்டாகப் பிளந்தாலும், இது புது மாடல், ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம் என்று சொல்லு. இந்தச் சட்டத்தை அவர் ஒருநாளும் மீறியதில்லை. இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மாலையில் ஷீட்டைக் கழற்றும்போது தாமே சுருட்டிவிடலாம். அச்சு தேய்ந்துவிட்டது என்று அவள் நம்புவாள். நல்ல அச்சை எடைக்குப் போடுவாள்.

எடைக்கு.

"அச்சு தேயலை கண்ணு" என்றார். "நான் எண்ணெய் போட்டுட்டேன்."

ஜன்னத் திரும்பினாள். "எதுல?"

"ஷீட்டுல. நேத்து. நீ ஒயர் வாங்கப் போனப்ப. கல்லுக்குப் போடற மாதிரி... பார்வையா இருக்கட்டும்னு."

அவள் ஏணியில் ஏறினாள். மேலே குனிந்து, விரல் நுனியால் ஒரு ஓரத்தைத் தொட்டு மோந்து பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் முத்தலிப் ஏணியைப் பார்த்துச் சொன்னார்: "மரச்செக்கு எண்ணெய் கண்ணு. கலப்படமில்லாதது."

மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விமலாராணிக்கு வரவில்லை. அவர் மணியைப் பார்த்தார்.

"அத்தா, தடவினீங்களா, தேய்ச்சீங்களா?" மேலிருந்து குரல் வந்தது. கோபமில்லாத குரல். கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"தடவினேன்."

"ஆறும்?"

"ஆறும்தான். ஆறாவதுல மட்டும் ஓரமா ஒரு எடத்துல... கொஞ்சம் அழுத்திட்டேன். கறை இருந்துச்சு."

"அது கறை இல்லைங்கத்தா. நான் வெச்ச நம்பரு." ஒரு மூச்சு. "வேன்ல நீலக் கேன்ல ஸ்பிரிட்டு இருக்குது. எடுத்துட்டு வாங்க. ஓடாதீங்க, விழுந்து வெக்காதீங்க."

அவர் ஓடினார்.

"சீயக்காய் வேணா கொண்டாரட்டுங்களா அம்மணி? எண்ணெய்க்கு அதுதானே?" என்றார் மயிலாத்தாள்.

"ஐயோ வேண்டாமுங்க! அந்தத் துகளு போய் முள்ளுல உட்கார்ந்தா ஆயுசுக்கும் எந்திரிக்காது."

ஷீட் மாட்டிய ஒவ்வொரு சட்டமாக முத்தலிப் தூக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அவள் மேல் விளிம்பிலிருந்து ஸ்பிரிட்டை ஊற்ற வேண்டும். அது தானாக வழிந்து, எண்ணெயைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தொடக்கூடாது. அதுதான் கொடுமை. அழுக்கு தண்ணீராக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்க முத்தலிபின் குலத்தில் எவனும் பழகியதில்லை. இரண்டாவது ஷீட்டில் அவருடைய இடக்கை, அவரைக் கேட்காமலே, தோள் துண்டை உருவிவிட்டது.

"கை!" என்றாள் ஜன்னத்.

துண்டு கிணற்று மேட்டில் போய் விழுந்தது.

"ஏழு ஐம்பத்திரண்டு" என்று கீழிருந்து விமலாராணி சொன்னார். "மூணே முக்கா ஆம்பியர்."

மூன்றாவது ஷீட். நான்காவது. ஸ்பிரிட் வாடையும் எண்ணெய் வாடையும் கலந்து தலை சுற்றியது. சட்டம் ஆடியது, ஆட ஆட அவள் ஊற்றுவது விலகியது. "மெதுவாங்கத்தா, மெதுவா" என்றாள். சின்ன வயதில் அவள் சைக்கிள் பழகும்போது பின்னால் ஓடிக்கொண்டே அவர் சொன்னதும் இதே மாதிரிதான் இருக்கும். அன்று விழுந்தது அவள். இன்றும் விழப்போவது அவள்தான்.

மேற்குத் தென்னைகளில் நான்கு வெளிச்சத் துண்டுகள் மங்கி அணைந்திருந்தன. இன்னும் இரண்டு பாக்கி.

"எட்டு" என்றார் விமலாராணி. நாலே முக்கால் என்று யாரும் கேட்காமலே மீட்டர் காட்டிக்கொண்டிருந்தது.

ஜன்னத்தின் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஐந்தாவது ஷீட்டுக்கு நகர்ந்தாள். முடிந்து போன சோதனைக்கு ஏன் இன்னும் கழுவுகிறாள் என்று முத்தலிப் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவார், மேலே நின்று அழுதால் சட்டம் ஆடும்.

ஆறாவதில் எண்ணெய் வழிந்து போன பிறகும் ஓரத்தில் ஒரு இடம் மின்னிக்கொண்டே இருந்தது. உள்ளங்கை அகலம். அவர் அழுத்தின இடம். அங்கே முள் இல்லை. எதிர்த் தென்னையில் அந்த அகலத்துக்கு ஒரு வெளிச்சம், கையால் வைத்த அடையாளம் மாதிரி, அணையாமல் நின்றது.

அப்போது கீழே பம்ப் முனகியது. குழாய் ஒரு தடவை இருமி, காற்றைத் துப்பி, செம்மண்ணாக இரண்டு வாய் கக்கி, பிறகு கை கனத்துக்குத் தண்ணீரைக் கொட்டத் தொடங்கியது. மயிலாத்தாள் அதில் கையை நீட்டி முகத்தைக் கழுவிக்கொண்டார். எட்டாகி எட்டு நிமிடம்.

விமலாராணி மீட்டரை அணைத்துப் பெட்டியில் வைத்தார்.

"பாஸ்னு எழுத முடியாதுங்க. எட்டு மணின்னா எட்டு மணி."

"தெரியுமுங்க மேடம்" என்றாள் ஜன்னத். கீழே இறங்கி வந்திருந்தாள். முழங்கை வரை எண்ணெய்.

"ஃபெயில்னும் எழுதலை. ஆனா ஒண்ணு கேக்கறேன், நேராச் சொல்லுங்க. உங்க அப்பா ஒருத்தர்தான் இந்த நாட்டுலயே துணியைத் தூக்கறவரா? இது ஒரு தோட்டத்துக்கு வந்தா அந்த ஊட்டுல யாராச்சும் துடைக்காம இருப்பாங்களா?"

"நானே துடைச்சிருப்பேன்" என்றார் மயிலாத்தாள். "பொங்கலுக்குப் பொங்கல் மோட்டாருக்கே எண்ணெய் போட்டுச் சந்தனம் வெக்கறவங்க நாங்க."

"அதேதாங்க. ஷீட்டு வெயிலைச் சாப்பிடுதுங்கறதைப் பாத்துட்டேன், மூணுல இருந்து அஞ்சுக்கு என் கண்ணு முன்னாடியே ஏறுச்சு. துடைச்சாலும் சாப்பிடுமான்னுதான் பாக்கோணும். பதினஞ்சு நாள் தர்றேன். இதே தோட்டம், இதே எட்டு மணி." விமலாராணி ஜீப்பில் ஏறிவிட்டுத் தலையை நீட்டினார். "துடைக்கறதுக்கு வேற ஆளு வேண்டாம். சாரையே கூட்டிட்டு வாங்க. அவரோட எண்ணெய், அவரோட துணி."

திரும்பும் வழியில் ஜன்னத் ஆறாவது ஷீட்டின் அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முள்ளை மூடாமல் முள்ளைக் காப்பாற்ற என்ன செய்வது என்று அவள் யோசிக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. முடியுமா என்று அவர் கேட்டார். தெரியலைங்கத்தா என்றாள். கோபி தாண்டியது, குன்னத்தூர் தாண்டியது, அவள் பார்வை அந்த ஓரத்தை விட்டு நகரவில்லை. கோபம் என்றால் ஆறும். இது கோபமாகத் தெரியவில்லை. வேலையாகத் தெரிந்தது. வேலைக்குள் போய்விட்ட மகளிடம் மன்னிப்புக் கேட்பதற்குக் கதவு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவிநாசி வரும்போது, தினமும் கடை சாத்தும் நேரத்தில் செய்வது போல, மனசுக்குள் கணக்கை முடித்தார். கொண்டு போன ஷீட் ஆறு. திரும்பியது ஐந்தும், உள்ளங்கை அகலம் குறைந்த ஒன்றும். செலவு, ஸ்பிரிட் ஒரு கேன், தோள் துண்டு ஒன்று. வரவு, மயிலாத்தாளின் தொட்டி நிறையத் தண்ணீர், பதினைந்து நாள் தவணை.

ஜன்னத்துக்குத் தர வேண்டிய பாக்கி, எட்டு நிமிடம்.